டிரைவர் தூரமும் போகவில்லை, நேராகவும் போகவில்லை: எதை முதலில் சரிசெய்வது?

#1 நாணல்

வணக்கம். கால்ஃபில் 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) வரைக்கும் ஓரளவு நம்பிக்கையோடு அடிக்கிறேன். மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரைக் கையில் எடுத்தால் எல்லாம் மாறிவிடுகிறது. பந்து உயரமாக எழும்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, தெம்பில்லாமல் விழுகிறது. நான் வலக்கை ஆட்டக்காரன். லாஞ்ச் மானிட்டரில் பார்த்தபோது கிளப்பின் வேகம் மணிக்கு 90 மைல், பந்தின் வேகம் 120 மைல், ஸ்பின் நிமிடத்துக்கு 4000 சுழற்சிக்கு மேல்.

கூட ஆடுபவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "தலையைத் தூக்காதே", "மெதுவாகச் சுற்று", "இடது கையை விறைப்பாக வை". மெதுவாகச் சுற்றினால் வளைவு அப்படியே இருக்கிறது, தூரம் மட்டும் குறைகிறது. முதலில் தூரத்தைக் கவனிப்பதா, நேராகப் போக வைப்பதா? இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வழி உண்டா?

#2 கோணமானி

எண்களோடு கேட்டது நல்லதாகப் போயிற்று. அதிலிருந்தே தொடங்கலாம்.

கிளப்பும் பந்தும் ஒட்டிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 0.0005 நொடி. அந்த நேரத்துக்குள் நடப்பது மட்டும்தான் பந்துக்குத் தெரியும். தலை அசைந்ததா, இடது கை மடங்கியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கிளப் எவ்வளவு வேகமாக வந்தது, ஃபேஸ் (பந்தில் படும் கிளப்பின் முகம்) எந்தப் பக்கம் பார்த்தது, எந்தப் பாதையில் வந்தது, மேலேறும்போது பட்டதா கீழிறங்கும்போது பட்டதா, ஃபேஸில் எந்த இடத்தில் பட்டது. இவ்வளவுதான். யாராவது ஒரு திருத்தம் சொன்னால், இந்த ஐந்தில் எதை அது மாற்றும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் திருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்தால் உங்களுக்கு 1.33 வருகிறது. இதற்கு ஸ்மாஷ் ஃபேக்டர் என்று பெயர். விதிகளுக்கு உட்பட்ட டிரைவரில் உச்சம் சுமார் 1.5. நீங்கள் 1.45-ஐத் தொட்டாலே பந்து வேகம் 130-ஐத் தாண்டிவிடும். பந்து வேகத்தில் ஒரு மைல் கூடினால் கேரியில், அதாவது பந்து காற்றில் போகும் தூரத்தில், சுமார் 2 யார்டு கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆக, துளிகூட வேகமாகச் சுற்றாமலே 20 யார்டு கிடைக்கும். மையத்தில் பட்டால் போதும்.

நேராகப் போவதைப் பற்றி. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஃபேஸ். டிரைவரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதுதான். வளைவை முடிவு செய்வது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். கிளப் போகும் பாதையைவிட ஃபேஸ் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும். பாதைதான் கிளம்பும் திசை என்று முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்து அளந்த பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. ஆனாலும் பழைய பாடத்தை வைத்தே இன்றும் அறிவுரைகள் சுற்றுகின்றன, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பட்ட இடமும் பந்தை வளைக்கும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) சேரும் ஹீல் பக்கம் பட்டால் கிளப்பின் தலை ஒரு பக்கம் திரும்பும், பந்து அதற்கு எதிராகச் சுழலும், வலப்பக்கம் வளையும். நுனியில், அதாவது டோ பக்கம் பட்டால் இடப்பக்கம். ஃபேஸின் கீழ்ப்பகுதியில் பட்டால் ஸ்பின் ஏறும். உங்களுடைய 4000-க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு விஷயம் பார்த்துவிட்டு வாருங்கள். ஃபேஸில் பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை லேசாகத் தூவிவிட்டு அடியுங்கள், பட்ட இடம் அச்சாகத் தெரியும். அப்புறம், பின்னால் ஒருவரை நிறுத்திப் படமெடுக்கச் சொல்லுங்கள். பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாம். எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பாருங்கள்.

#3 பழையமரம்

தம்பி, கோணமானி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படமெடுப்பதற்கு முன்பே கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள்.

உங்களைப் போல் வலப்பக்கம் வளையும் பந்து, அதாவது ஸ்லைஸ் அடிப்பவர்களில் நிறையப் பேர் கிளப்பை இடது உள்ளங்கைக்குக் குறுக்கே பிடிக்கிறார்கள். அது விரல்களில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கி, சுண்டுவிரலின் அடிவரை சாய்வாகக் கிடக்க வேண்டும். அப்படி வைத்து, உள்ளங்கையின் தடித்த பகுதியை கிரிப்பின் மேல் அமர்த்துங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பிடி பலவீனமானது. வேகமாகச் சுற்றும்போது கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும், கூடவே ஃபேஸும் திறந்துகொள்ளும், அதாவது வலப்பக்கம் பார்க்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு, இரண்டு கைகளிலும் வலது தோளை நோக்கி இருக்கட்டும்.

வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலோடு கோர்ப்பதா, அதன் மேலே வைப்பதா என்று அதிகம் யோசிக்காதீர்கள். ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் கோர்த்தே பிடித்தார்கள். மேலே வைக்கும் பிடிக்கு ஹாரி வார்டன் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டிலும் பெரிய ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். இறுக்கம்தான் முக்கியம். முன்கைத் தசை புடைக்கும் அளவுக்குப் பிடித்தால் மணிக்கட்டு வேலை செய்யாது. மணிக்கட்டு வேலை செய்யாத ஸ்விங்கில் வேகமும் வராது, ஃபேஸும் நேரத்துக்கு மூடாது.

#4 விசைமிதி

"மெதுவாகச் சுற்று" என்ற அறிவுரையை முதலில் தூக்கிப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கால்ஃபில் இதைவிட அதிகம் கெடுதல் செய்த வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

தூரம் என்பது வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெய்ண்டு கணக்கு ஒவ்வோர் அடியின் மதிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. மேல்மட்ட ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளில்தான் இருக்கிறது, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் இல்லை என்று தெரிந்தது. 2020 யு.எஸ். ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். விங்டு ஃபுட் மைதானம், குறுகலான ஃபேர்வே (புல் வெட்டிய ஆட்டப் பாதை), கொடூரமான ரஃப் (அதை ஒட்டிய அடர்ந்த புல்). பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேயில் 23-ஐத்தான் பிடித்தார். ஆனாலும் அடுத்தவரைவிட ஆறு ஸ்ட்ரோக் குறைவாக எடுத்து ஜெயித்தார். ரஃபிலிருந்து வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கான கிளப்) அடிப்பது, ஃபேர்வேயிலிருந்து நீண்ட அயர்ன் அடிப்பதைவிட அவருக்கு லாபமாக இருந்தது.

என் கருத்து இதுதான்: உடம்பு எந்த வேகத்தில் பழகுகிறதோ அந்த வேகத்துக்குத்தான் ஒழுங்கும் வரும். பாதி வேகத்தில் நேராக அடிக்கப் பழகியவர், வேகத்தைக் கூட்டும்போது எல்லாவற்றையும் திரும்பப் பழக வேண்டியிருக்கும். அதனால் வேகம் முதலில், ஒழுங்கு அதற்குப் பிறகு.

#5 கோணமானி

விசைமிதி, முதல் பாதிக்கு முழுச் சம்மதம். மெதுவாகச் சுற்றுவதால் ஃபேஸ் தானாக மூடிவிடாது. நாணலே அதைப் பார்த்துவிட்டார். இரண்டாம் பாதியில் எனக்குச் சம்மதம் இல்லை.

டிஷாம்போவின் தவறிய பந்துகள் ஃபேர்வேயை ஒட்டிய புல்லில் நின்றன. ஸ்லைஸ் அடிப்பவரின் தவறிய பந்து எல்லைக்கு வெளியே போகும். அதற்கு ஓர் அடி தண்டம், திரும்பவும் அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும். இந்த இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. கோணக் கணக்கையும் பாருங்கள்: 250 யார்டு போகும் பந்து ஒரு டிகிரி தவறிக் கிளம்பினால் 4 யார்டுக்குக் கொஞ்சம் அதிகமாக விலகும். அதோடு வளைவும் சேர்ந்தால் விலகல் பல மடங்கு. ஃபேஸுக்கும் பாதைக்கும் 8 டிகிரி இடைவெளி உள்ள ஒருவருக்கு வேகத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால், பந்து இன்னும் தூரமான இடத்தில் தொலையும்.

#6 விசைமிதி

எல்லைக்கு வெளியே போவது பற்றிச் சொன்னது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சரிசெய்கிற காலம் முழுக்க வேகத்தை அடக்கி வைக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். திருத்தம் செய்யும் நேரம் வேறு, வேகத்தைப் பழகும் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ளலாமே. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

#7 நாணல்

ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். அச்சு பெரும்பாலும் ஹீல் பக்கம், மையத்துக்குக் கொஞ்சம் கீழே. பின்னாலிருந்து எடுத்த படத்தில் பந்து இலக்குக்குச் சற்று இடப்பக்கமாகக் கிளம்பி, அப்புறம் வலப்பக்கம் வளைகிறது. கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வருவது தெளிவாகத் தெரிகிறது. பழையமரம் ஐயா சொன்னபடி பார்த்தால், இடது கையில் ஒரு முட்டிதான் தெரிகிறது.

#8 கோணமானி

இப்போது படம் முழுமையாகிவிட்டது. இடப்பக்கமாகக் கிளம்புகிறது என்றால் அடிபடும் நேரத்தில் ஃபேஸ் இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது. அதாவது இலக்கை வைத்துப் பார்த்தால் உங்கள் ஃபேஸ் திறந்தே இல்லை. பாதை அதைவிட வெகுவாக இடப்பக்கம் போகிறது, அதனால் பாதையை வைத்துப் பார்த்தால் திறந்திருக்கிறது. போதாததற்கு ஹீலில் படுவதும் வலப்பக்கமே வளைக்கிறது. ஒரே பந்தில் இரண்டு காரணங்கள் ஒரே திசையில் வேலை செய்கின்றன.

எனவே கிரிப்பை மாற்றி ஃபேஸை இன்னும் மூடினால் பந்து இடப்பக்கம் நேராகப் போகும், இலக்குக்கு வராது. பாதையைத்தான் திருத்த வேண்டும். பழையமரம், மன்னிக்கவும், கிரிப்பில் கை வைப்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

#9 பழையமரம்

இங்கேதான் நாம் பிரிகிறோம். பாதை ஏன் இடப்பக்கம் போகிறது என்று கேட்டீர்களா?

பலவீனமான பிடியோடு ஒருவர் ஆடத் தொடங்குகிறார். பந்து வலப்பக்கம் போகிறது. யாரும் சொல்லாமலே உடம்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. அடுத்த முறை இடப்பக்கமாக இழுக்கப் பார்க்கிறது, தோளைத் திறக்கிறது, கிளப்பை வெளியே தள்ளிக் குறுக்கே கொண்டுவருகிறது. வளைவு அதனால் இன்னும் கூடுகிறது, உடம்பு இன்னும் இழுக்கிறது. பாதை வியாதி இல்லை, திறந்த ஃபேஸுக்கு உடம்பு தானே கண்டுபிடித்த வைத்தியம். காரணத்தை வைத்துக்கொண்டு பாதையை மட்டும் திருத்தினால் என்ன ஆகும்? பந்து நேராக வலப்பக்கக் காட்டுக்குள் போகும். ரெண்டு பந்து அப்படிப் போனதும் உடம்பு பழையபடி இழுக்கத் தொடங்கிவிடும்.

அதனால் நாணல், முதலில் பிடியை மாற்றுங்கள். பந்து இடப்பக்கமாக நேரே போகும். போகட்டும். இடப்பக்கமே போவதை நாலு நாள் பார்த்த பிறகு உடம்புக்கு இழுக்க வேண்டிய காரணம் இருக்காது. அப்போது பாதையைத் திருத்தும் பயிற்சி சொன்னால் பிடிக்கும். கோணமானி சொன்ன கணக்கு சரி, வரிசைதான் வேறு.

#10 கோணமானி

யோசித்துப் பார்த்தேன். கற்றுக்கொள்ளும் வரிசை என்று வரும்போது ஐயா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கணக்கு அடி நடந்த கணத்தை விளக்கும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை விளக்காது. பிடி முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#11 திடல்

பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பிடியோடு சேர்த்து நிற்கும் விதத்தையும் அன்றே மாற்றிவிட வேண்டும். டிரைவர் அடிக்கும்போது பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பந்து அவ்வளவு முன்னால் இருப்பதால், வலது கையை கிரிப்புக்குக் கொண்டுவரும்போது வலது தோள் முன்னால் வந்துவிடுகிறது. பாதங்கள் இலக்குக்கு இணையாக இருக்கும், தோள்கள் இடப்பக்கம் பார்க்கும். தோள் பார்க்கும் பக்கம்தான் கிளப்பும் சுற்றும். பாதி ஸ்லைஸ் நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது என்று அடித்துச் சொல்வேன். ஒரு குச்சியை மார்புக்குக் குறுக்கே பிடித்துத் தோள் எங்கே பார்க்கிறது என்று சோதித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து சாய்வு. இடுப்பை இலக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, முதுகுத்தண்டை இலக்கிலிருந்து விலகிச் சாயுங்கள். வலது தோள் முன்னால் வருவதற்குப் பதிலாகக் கீழே இறங்கும். டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) பந்தின் பாதியாவது டிரைவரின் மேல்விளிம்புக்கு மேலே தெரியட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் கிளப் மேலேறும்போது பந்தைச் சந்திக்கும், ஸ்பின் குறையும், கீழ்ப்பகுதியில் படுவதும் குறையும்.

எவ்வளவு மேலேற வேண்டும்? ரேடார் அளவுக் கருவி செய்யும் டிராக்மேன் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் ஆண்களின் சராசரி டிரைவர் வேகம் 113 மைல், தாக்கும் கோணம் கீழ்நோக்கி 1.3 டிகிரி. பெண்களுக்கான எல்.பி.ஜி.ஏ. தொடரில் சராசரி 94 மைல், கோணம் மேல்நோக்கி 3 டிகிரி, கேரி 218 யார்டு. நாணலின் வேகம் பெண்களின் சராசரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம். 113 மைல் வேகமுள்ளவர் கீழ்நோக்கி அடித்தாலும் தூரம் மிச்சமிருக்கும். 90 மைல்காரருக்கு அந்த வசதி கிடையாது. தொலைக்காட்சியில் ஆண்களின் ஆட்டத்தைப் பார்த்தே பழகியவர்கள் ஒருமுறை பெண்களின் போட்டியைப் பொறுமையாகப் பாருங்கள். எந்த இடத்திலும் அவசரம் இருக்காது, ஆனால் ஒவ்வொரு துளி வேகமும் பந்துக்குப் போய்ச் சேரும்.

பாதைக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளியது. பந்துக்கு வெளியே, அதாவது உங்களுக்கு எதிர்ப்பக்கம், அரை அடி பின்னால் ஒரு ஹெட்கவரை (கிளப் தலையின் உறை) வையுங்கள். குறுக்கே வந்தால் அதைத் தட்டுவீர்கள். தட்டாமல் பந்தை அடிக்க உடம்பு தானே வழி தேடும். பாதி நீளத்தில் தொடங்குங்கள். ஹீலில் படுவதும் இதிலேயே குறையும். பொதுவாக ஹீல் அடி இரண்டு விதமாக வரும்: கிளப் வெளியே தள்ளப்படுவது ஒன்று, இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வருவது இன்னொன்று. இரண்டாவது இருக்கிறதா என்று தெரிய, சுவரிலோ நாற்காலியிலோ பின்பக்கம் லேசாகப் படும்படி நின்று பந்தில்லாமல் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அடிக்கும் இடம் வரை தொடுகை விடக்கூடாது.

#12 ஓரக்கோடு

நான் கிரிக்கெட்டிலிருந்து வந்தவன். நாணலும் அப்படியா தெரியவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேராக டிரைவ் ஆடும்போது மட்டையின் முகத்தை முடிந்தவரை பந்தின் கோட்டிலேயே வைத்திருப்போம், மேல்கை முழங்கை உயர்ந்து நிற்கும். கால்ஃபில் அதே பழக்கம் ஃபேஸை மூடவிடாது. ஷாஃப்டின் ஒரு பக்கமாகத் தலை இருப்பதால் முன்கைகள் சுழன்றால்தான் ஃபேஸ் இலக்குக்கு நேராக வரும். எனக்குக் கை கொடுத்தது பிரித்துப் பிடிக்கும் பயிற்சி. இரண்டு கைகளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, இடுப்பு உயரத்துக்குள் மட்டும் சுற்றுவது. வலது முன்கை இடது முன்கையின் மேல் புரள்வது உடனே உணர்வுக்கு வரும்.

#13 இடக்கை

இடக்கை ஆட்டக்காரர்கள் இந்த இழையை எப்படிப் படிப்பது? எல்லாவற்றையும் மாற்றிப் போட்டால் போதுமா?

#14 திடல்

ஆமாம், இடம் வலம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஹீல், டோ மட்டும் அப்படியே. ஹீலில் பட்டால் உங்களுக்குப் பந்து இடப்பக்கம் வளையும்.

#15 விசைமிதி

வேகம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கையிலிருந்து வருகிறது என்று நினைப்பதுதான் பலரைக் கெடுக்கிறது. டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப் கீழே இறங்கும்போது, முதலில் இடுப்பு உச்ச வேகத்தைத் தொடும், பிறகு மேலுடம்பு, பிறகு கைகள், கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் உச்சத்தைத் தொட்டதும் வேகம் குறையும், குறையும்போது தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுக்கும். சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி நின்ற பிறகே நுனி பாய்கிறது, அதே வேலைதான். மேலேயிருந்து கைகளால் தொடங்கினால் இந்த வரிசை குலைந்துவிடும். மணிக்கட்டின் கோணம் முன்கூட்டியே அவிழ்ந்து, பந்தை அடைவதற்கு முன்பே கிளப் தன் உச்ச வேகத்தைக் கடந்துவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையும் அங்கேதான் பிறக்கிறது. ஆக நாணலின் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. வரிசையைச் சரிசெய்தால் தூரமும் கூடும், பாதையும் திருந்தும்.

வரிசையைப் பழக ஒரு வழி: கால்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். கிளப் பின்னால் போய் முடிவதற்குள்ளேயே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வையுங்கள், பாதம் தரையில் பதிந்த பிறகே கீழே சுற்றுங்கள். கைகள் முந்திக்கொள்ளவே முடியாது. அதே பயிற்சியில் தரையின் உதவியும் புரியும். இறங்கும்போது இடது காலில் எடை அழுந்தும், முழங்கால் கொஞ்சம் மடங்கும், அப்புறம் அந்தக் கால் தரையைத் தள்ளி நிமிரும். நீண்ட தூரம் அடிப்பவர்கள் அடிக்கும் நேரத்தில் இடது குதிகாலில் நிமிர்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். துள்ளுவது அவர்கள் நோக்கமில்லை. தரையைத் தள்ளிய விசை அவர்களை எழுப்புகிறது.

வேகப் பயிற்சி தனி நேரத்தில். பந்து வேண்டாம். கிளப்பைத் தலைகீழாகப் பிடித்து, ஷாஃப்டைக் கையில் வைத்து, முழு மூச்சாகச் சுற்றுங்கள். காற்றைக் கிழிக்கும் ஓசை பந்து இருக்க வேண்டிய இடத்துக்குப் பிறகு கேட்க வேண்டும். முன்னாலேயே கேட்டால் மணிக்கட்டு சீக்கிரம் அவிழ்கிறது. உடம்பைச் சூடேற்றாமல் தொடங்காதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். களைத்த உடம்பு மெதுவாகச் சுற்றத்தான் பழகும். முதுகில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

#16 மெதுநடை

வயதானவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். இடுப்பும் முதுகும் முன்போல் திரும்பாதவர்கள் விசைமிதி சொன்னதை அப்படியே செய்ய முயல வேண்டாம். பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது, இடது குதிகாலைத் தரையிலிருந்து எழும்ப விடுங்கள். நிக்லஸ் தன் உச்ச காலத்திலேயே அப்படித்தான் ஆடினார். வலது பாதத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால் இடுப்பு இன்னும் திரும்பும். "கீழுடம்பை அசைக்காமல் மேலுடம்பை மட்டும் முறுக்கு" என்ற அறிவுரை இளம் முதுகுகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். எங்களைப் போன்றவர்களுக்குத் திரும்புவதுதான் முக்கியம், முறுக்குவது இல்லை.

லாஃப்டையும், அதாவது ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தவர் 9 டிகிரி டிரைவர் வைத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. 12 டிகிரியில் பந்து காற்றில் நிற்கும்.

#17 கோணமானி

லாஃப்ட் கூடினால் வளைவும் குறையும். ஃபேஸுக்கும் பாதைக்கும் அதே இடைவெளி இருந்தாலும், லாஃப்ட் அதிகமாக இருக்கும்போது சுழலும் அச்சு குறைவாகச் சாய்கிறது. 7 அயர்னில் நேராகப் போவதுபோல் தெரிகிற அதே ஸ்விங் டிரைவரில் ஸ்லைஸாக வெளிப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஷாஃப்ட் நீளமும் கவனிக்க வேண்டியது. விதிப்படி 48 அங்குலம் வரை வைக்கலாம், 2022 முதல் போட்டிக் குழுக்கள் 46 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள அனுமதி இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் டிரைவர்களே 45.5 அங்குலத்தை ஒட்டி வருகின்றன. ஹீலிலும் டோவிலும் சிதறி அடிப்பவர்கள் கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பாருங்கள். கிளப் வேகம் கொஞ்சம் குறையும், மையத்தில் படுவதால் பந்து வேகம் பல நேரம் குறையாது. செலவில்லாத சோதனை.

#18 அருகம்புல்

என்னைப் போல் ஸ்விங் பார்க்க அழகாக இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்களா? படமெடுத்துப் பார்த்தால் மேலே கிளப் ஒரு வளையம் போடுகிறது. அதை முதலில் சரிசெய்ய வேண்டுமா?

#19 பழையமரம்

ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பாருங்கள். மேலே போகும் பாதை ஒன்று, கீழே வரும் பாதை வேறொன்று, நடுவில் பெரிய வளையம். 2003-ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். 2016-ல் டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றை 58 ஸ்ட்ரோக்கில் முடித்தார், பி.ஜி.ஏ. டூரில் அதற்கு முன் யாரும் 58-ல் முடித்ததில்லை. இறங்கும்போது கிளப் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் மேலே எப்படிப் போனது என்பது பெரிய விஷயமில்லை. வளையத்தை விட்டுவிடுங்கள், ஃபேஸில் எங்கே படுகிறது என்று பாருங்கள்.

#20 நாணல்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். பிடியை மாற்றியதும் ஐயா சொன்னபடியே பந்து இடப்பக்கம் நேராகப் போனது. பார்க்கவே பயமாக இருந்தது, ஆனால் ஓசையே வேறு. பிறகு தோளையும் சாய்வையும் சரிசெய்து, ஹெட்கவரை வைத்து அடித்தேன். இப்போது பெரும்பாலும் இலக்கில் கிளம்பி லேசாக வலப்பக்கம் வளைகிறது, சில பந்துகள் நேராகவே போகின்றன. கிளப் வேகம் அதே 90, பந்து வேகம் 128-ஐத் தொடுகிறது, ஸ்பின் 3000-ஐ ஒட்டி வந்துவிட்டது. அச்சு மையத்துக்கு நெருங்கியிருக்கிறது.

புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. 7 அயர்ன் முன்பு நேராகப் போனது, இப்போது இடப்பக்கம் இழுக்கிறது. பந்துக்குப் பின்னால் தரையையும் சில நேரம் தொட்டுவிடுகிறேன். பழைய பிடிக்குத் திரும்ப வேண்டுமா?

#21 திடல்

பிடியைத் தொடவே தொடாதீர்கள். டிரைவரின் சாய்வை அயர்னுக்கும் கொண்டுபோயிருக்கிறீர்கள், தரையை முன்னதாகத் தொடுவது அதனால்தான். அயர்னில் சாய்வு வேண்டாம், மார்பு பந்துக்கு மேலே இருக்கட்டும், பந்து நடுவிலிருந்து ஒரு பந்து அளவு இடப்பக்கம் போதும். டூர் ஆண்கள் 7 அயர்னில் கீழ்நோக்கி ஏறக்குறைய 4 டிகிரியில் அடிக்கிறார்கள். புல் பெயர்வது பந்து இருந்த இடத்துக்கு இலக்குப் பக்கம் தொடங்க வேண்டும். தரையில் ஒரு கோடு போட்டு, பந்தில்லாமல், கோட்டுக்கு முன்னால் மட்டும் புல் பெயரும்படி பழகுங்கள். டிவட், அதாவது புல் பெயர்ந்த தடம், எந்தப் பக்கம் நீள்கிறது என்றும் பாருங்கள்.

இலக்குக்கு நேராக நீண்டும் பந்து இடப்பக்கம் போனால் ஃபேஸ் அதிகமாக மூடுகிறது. மூன்று முட்டி தெரிகிற பிடியை இரண்டரைக்குக் கொண்டுவந்தால் போதும். டிவட்டே இடப்பக்கம் நீண்டால் பழைய இழுப்பு அயர்னில் இன்னும் மிச்சமிருக்கிறது. அப்போது ஹெட்கவரை அயர்னுக்கும் வையுங்கள். டிவட் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.